கடல் கடந்து வரும் கடைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் தபால் பெட்டிகளில் ஒரு நோட்டீஸ் கிடந்தது, பார்த்திருப்பீர்கள். "பன்னாட்டுப் பெருங்கடை வரவிருக்கும் வணிக வளாகத்தில் சொந்தமாகக் கடை வாங்குங்கள், மாதாமாதம் நிச்சய வாடகை" என்று வழவழப்பான தாளில் அச்சிட்டிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் குடியிருப்பில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூன்று பேருமே பணி ஓய்வு பெற்றவர்கள், மூன்று பேர் கேட்டதும் ஒரே கேள்வி. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். அவ்வளவு பெரிய கம்பெனி. கடையைத் திறந்துவிட்டு மூடிக்கிட்டுப் போயிடுவானா என்ன?"

வாசல்படியில் நின்றபடி இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் செயலாளரிடம் நாற்பது நிமிடம் கேட்டு வாங்கினேன். அந்த நோட்டீஸ் கொடுத்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை. பெரிய கடைகள் இன்னொரு நாட்டுக்குள் எப்படி நுழைகின்றன, எப்படி வெளியேறுகின்றன என்பதை மட்டும் நடந்த கதைகளை வைத்துச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் நுழைகிற வழிகள். பி.காம். பாடம் மாதிரி இருக்கும், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழிகள் மொத்தம் நான்கு.

ஒன்று, தானே இடம் பிடித்து, தானே கட்டி, தன் பெயரிலேயே நடத்துவது. ஹைதராபாத்தில் 2018 ஆகஸ்டில் ஐகியா அப்படித்தான் வந்தது. இரண்டு, அங்கே ஏற்கெனவே நடக்கிற கடைகளை மொத்தமாக விலைக்கு வாங்குவது. மூன்று, உள்ளூர் வியாபாரியோடு கூட்டுச் சேருவது. நான்கு, பெயரையும் முறையையும் மட்டும் உள்ளூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டு உரிமைத் தொகை வாங்கிக்கொள்வது. துபாயில் பிள்ளைகளோடு போய் இருந்தவர்கள் கார்ஃபூர் கடைக்குப் போயிருப்பீர்கள். அது பிரான்ஸ் நாட்டுப் பெயர். ஆனால் 1995 முதல் அந்தப் பகுதியில் அந்த வியாபாரத்தை நடத்துவது மஜித் அல் ஃபுத்தைம் என்ற துபாய் நிறுவனம். பலகை ஒருவருடையது, பணமும் நஷ்டமும் இன்னொருவருடையது.

எந்த வழியில் வந்தார்கள் என்று தெரிந்தால், போவதற்கு அவர்களுக்கு எவ்வளவு செலவாகும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வால்மார்ட் கதைக்கு வருவோம். 1962-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் சாம் வால்டன் தொடங்கிய கடை, இன்று உலகத்திலேயே அதிகமாக விற்பனை செய்யும் சில்லறை வணிக நிறுவனம். அவர்கள் முதன்முதலில் வெளிநாடு போனது 1991-இல், பக்கத்தில் இருக்கும் மெக்சிகோவுக்கு. தனியாகப் போகவில்லை. சிஃப்ரா என்ற பெரிய மெக்சிகோ நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டு. ஆறு வருஷம் அவர்களோடு இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1997-இல்தான் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார்கள். அதற்குப் பிறகும் போடேகா அவ்ரெரா என்று அங்கே மக்களுக்குப் பழகிப்போன பெயரை மாற்றவில்லை. இன்றைக்கு அமெரிக்காவுக்கு வெளியே வால்மார்ட்டுக்கு அதிகக் கடைகள் இருப்பது மெக்சிகோவில்தான்.

அதே 1997-இல் அதே வால்மார்ட் ஜெர்மனிக்குள் போனது. இந்த முறை கூட்டுக் கிடையாது. வெர்ட்காஃப் என்ற நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கினார்கள். அடுத்த வருஷம் இன்டர்ஸ்பார் கடைகள் 74-ஐ வாங்கினார்கள். பணத்துக்குக் குறைவில்லை, அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 2006-இல் மிச்சமிருந்த 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் விற்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து வெளியேறியதில் மட்டும் சுமார் 100 கோடி டாலர் நஷ்டம்.

எங்கே தவறினார்கள்? சின்னச் சின்ன விஷயங்களில் தொடங்கியது. தலைமைப் பொறுப்புக்கு அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. அதனால் நிர்வாகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேச வேண்டும் என்று ஆனது. வாசலில் ஒருவர் நின்று சிரித்து வரவேற்பதும், பில் போடும் இடத்தில் இன்னொருவர் சாமானைப் பையில் எடுத்துப் போட்டுக் கொடுப்பதும் அமெரிக்க வழக்கம். ஜெர்மனியில் தன் சாமானைத் தானே பையில் போட்டுக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தங்கள் முட்டையையும் ரொட்டியையும் தொட்டு எடுத்து வைப்பது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதிப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஊழியர்களுக்குள் காதல் உறவு வைத்துக்கொள்வதற்கும் கட்டுப்பாடு, சக ஊழியர் தவறு செய்தால் தொலைபேசியில் புகார் சொல்லவும் ஏற்பாடு. ஊழியர் குழு நீதிமன்றத்துக்குப் போனது. 2005-இல் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சிரிக்காததால் மட்டும் ஒரு கடை மூடப்படுவதில்லை. கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் நான் முக்கியமாக நினைப்பது வேறு இரண்டு காரணங்கள்.

ஒன்று சட்டம். வால்மார்ட்டின் பலமே நீண்ட நேரம் திறந்து வைப்பதும், மலிவு விலையும். ஜெர்மனியிலோ அந்தக் காலத்தில் கடைகளை வார நாட்களில் இரவு எட்டு மணிக்கும், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கும் மூட வேண்டும், ஞாயிறு பெரும்பாலும் திறக்கவே கூடாது. விலையைத் தடாலடியாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2000-இல் அந்நாட்டுப் போட்டி ஒழுங்காணையம் தலையிட்டது. பால், சர்க்கரை போன்ற அடிப்படைப் பொருட்களை அடக்க விலைக்கும் குறைவாக விற்கக் கூடாது என்று வால்மார்ட்டுக்கு மட்டுமல்ல, உள்ளூர் நிறுவனங்களான ஆல்டி, லிடில் ஆகியவற்றுக்கும் உத்தரவு போட்டது.

இரண்டாவது காரணம் அந்த ஆல்டிதான். "நாங்கள்தான் மலிவு" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஏற்கெனவே மலிவாக விற்கும் ஊரில் வந்து இறங்கிவிட்டார். ஆல்டி கடையில் ஆடம்பரம் கிடையாது. அட்டைப் பெட்டியைக் கிழித்து அப்படியே வைத்திருப்பார்கள். ஒரு பொருளுக்கு ஐம்பது வகை கிடையாது. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ, அதுவும் சொந்த பிராண்ட். தள்ளுவண்டி வேண்டுமென்றால் நாணயம் போட்டு எடுக்க வேண்டும், திருப்பி வைத்தால்தான் நாணயம் திரும்ப வரும். வண்டிகளைத் தேடிப் பிடித்து அடுக்குவதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டாம் பாருங்கள். அப்படிப் பைசா பைசாவாக மிச்சம் பிடிப்பவரிடம் போய் விலையில் போட்டி போட முடியவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அந்த ஆல்டி 1976-இலேயே அமெரிக்காவுக்குள் போய்விட்டது. அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கடைத்தொடரை வாங்கிச் சத்தமில்லாமல் ஆரம்பித்தார்கள். அவசரப்படாமல் வருஷத்துக்குச் சில கடைகள் என்று வளர்ந்து, இன்று வால்மார்ட்டின் சொந்த நாட்டில் 2,000-க்கும் மேல் கடைகள் வைத்திருக்கிறார்கள்.

"பக்கத்து நாடு, அதே மொழி, அதே பழக்கம், அங்கே போனால் தோற்க மாட்டார்கள்" என்று சிலர் நினைக்கலாம். அதற்காக டார்கெட் கதையைச் சொல்கிறேன். நோட்டீஸ் கேள்விக்கு நேரான பதிலும் இதில்தான் இருக்கிறது.

டார்கெட் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர்களில் ஒன்று. கனடா மக்கள் எல்லை தாண்டிப் போய் அதில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "நம் ஊருக்கு வர மாட்டானா" என்ற ஏக்கம் அங்கே இருந்தது. 2011-இல், ஜெல்லர்ஸ் என்ற பழைய கடைத்தொடரின் குத்தகை உரிமைகளை 182.5 கோடி கனடா டாலருக்கு டார்கெட் வாங்கியது. கவனியுங்கள், வாங்கியது கடையையோ தொழிலையோ அல்ல, இடங்களின் குத்தகையை. 2013 மார்ச்சில் முதல் கடை. அந்த வருஷம் முடிவதற்குள் 124 கடைகள். இரண்டே வருஷத்துக்குள் மொத்தம் 133.

நம் வீட்டில் கல்யாணம் என்றால்கூட ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வைக்க யோசிக்கிறோம். இவர்கள் ஒரே வருஷத்தில் 124 கிரகப்பிரவேசம் நடத்தினார்கள்.

புதிய நாடு, புதிய கணினி மென்பொருள், புதிய ஆட்கள். ஆயிரக்கணக்கான பொருட்களின் விவரங்களை அவசரம் அவசரமாகக் கணினியில் ஏற்றினார்கள். சென்டிமீட்டரில் போட வேண்டியதை அங்குலத்திலும், நீளத்தை அகலத்திலுமாகப் பதிவுகள் விழுந்தன. வங்கியில் ஒரு வவுச்சரில் ஒரு இலக்கம் மாறினால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாது. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து தேடுவோம், தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். அங்கே அப்படித் தேட நேரமில்லை. மறுநாள் இன்னொரு கடைத் திறப்பு. விளைவு, கிடங்கில் சரக்கு வழிந்தது, கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது. ஆசையாக வந்த மக்கள் வெறும் அலமாரியைப் பார்த்தார்கள். விலையும் அமெரிக்காவில் பார்த்த விலை இல்லை. ஒரு முறை வந்து ஏமாந்தவர்கள் மறுபடி வரவில்லை.

2015 ஜனவரி 15 அன்று டார்கெட்டின் கனடா நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஏப்ரலுக்குள் 133 கடைகளும் மூடப்பட்டன. முதல் கடை திறந்து முழுதாக இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில் மூடும் முடிவு வந்துவிட்டது. வேலை இழந்தவர்கள் சுமார் 17,600 பேர். தாய் நிறுவனம் 500 கோடி டாலருக்கும் மேல் நஷ்டக் கணக்கு எழுதியது.

எழுதிவிட்டு என்ன ஆனது? அமெரிக்காவில் டார்கெட் இன்றும் நன்றாகவே நடக்கிறது. "அவ்வளவு பெரிய கம்பெனி போய்விடுமா" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். பெரிய கம்பெனியாக இருப்பதால்தான் அவர்களால் போக முடிகிறது. நஷ்டத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் சக்தி அவர்களுக்கு உண்டு. அந்தச் சக்தி இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் 'லிமிடெட்' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது வெறும் அலங்காரச் சொல் இல்லை. ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டுக்குப் போகும்போது, அந்த நாட்டில் தனியாக ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்யும். வாடகை ஒப்பந்தத்திலும் சரக்கு ஆர்டரிலும் கையெழுத்துப் போடுவது அந்தத் துணை நிறுவனம். அது விழுந்தால், அதன் கையில் என்ன சொத்து இருக்கிறதோ அதிலிருந்துதான் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியும். தாய் நிறுவனத்தின் கஜானாவைத் தொட முடியாது. தாய் நிறுவனம் தனியாக உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு.

கனடாவில் அதுதான் நடந்தது. ஊழியர்களுக்குக் குறைந்தது 16 வாரச் சம்பளம் கிடைக்கும்படி 7 கோடி கனடா டாலரில் ஒரு நிதி ஒதுக்கினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். இட உரிமையாளர்களில் ரியோகேன் என்ற பெரிய நிறுவனம், தன் இடங்களுக்குத் தாய் நிறுவனத்தின் உத்தரவாதத்தை முன்பே வாங்கி வைத்திருந்தது. அதனால் 13.2 கோடி கனடா டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டு நேராகத் தாய் நிறுவனத்திடமிருந்தே பணத்தைப் பெற்றது. அப்படிப்பட்ட காகிதம் கையில் இல்லாதவர்கள், சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் உட்பட, நீதிமன்ற நடவடிக்கை முடியும் வரை வரிசையில் நின்றார்கள். ஒரு காகிதம்தான் வித்தியாசம்.

என் வங்கி வாழ்க்கையிலிருந்து ஒரு சின்ன விஷயம் சொல்ல அனுமதியுங்கள். 1990-களின் ஆரம்பத்தில் நான் வேலை பார்த்த கிளையில் ஒரு மளிகைக்காரர் வாடிக்கையாளராக இருந்தார். நல்ல மனிதர். விவசாயிகள் நிறைந்த ஊர் அது. அறுவடை முடிந்தால் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள், பழைய பற்றையும் தீர்ப்பார்கள். அந்த லாபத்தில், கடன் வாங்கி, மில் தொழிலாளிகள் இருக்கும் இன்னொரு ஊரில் இரண்டாவது கடை போட்டார். அங்கேயும் இருபத்தைந்து கிலோ மூட்டைகளை அடுக்கினார். வாரக்கூலி வாங்குகிறவர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இரண்டு கிலோ அரிசி, கால் லிட்டர் எண்ணெய் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டார். ஊர் மாறினால் வியாபாரம் மாறும் என்பதற்கு அவருக்கும் வால்மார்ட்டுக்கும் ஒரே பாடம்தான். அவருக்கு அந்த நஷ்டத்தை எழுதித் தள்ள வழியில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவருடைய மைத்துனர், பள்ளிக்கூட வாத்தியார். மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்து பிடித்தம் வரும். அதை லெட்ஜரில் வரவு வைத்தது நான். ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும், கடை போட்டவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்று தோன்றும்.

நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டு மளிகைக் கடைகளுக்கு இங்கே கதவு முழுதாகத் திறந்ததில்லை. மொத்த வியாபாரத்துக்கு அனுமதி உண்டு, அந்த வழியாக ஜெர்மனியின் மெட்ரோ 2003-இல் பெங்களூரில் கடை திறந்தது. கார்ஃபூர் 2010-இல் டெல்லியில் திறந்து, நான்கே வருஷத்தில் இங்கிருந்த ஐந்து கடைகளையும் மூடிவிட்டுப் போனது. வால்மார்ட் பாரதி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 2009-இல் அமிர்தசரஸில் முதல் மொத்த விற்பனைக் கடை திறந்தது. 2013-இல் கூட்டு பிரிந்தது. 2012-இல் மத்திய அரசு பல பிராண்டுகள் விற்கும் சில்லறைக் கடைகளில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதித்தது. ஆனால் மாநிலங்கள் விரும்பினால் மட்டும் என்றது. நம் தமிழ்நாடு அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நேர்வழி அடைபட்டதால் வால்மார்ட் 2018-இல் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. இருபது வருஷம் நிலைத்து நின்ற மெட்ரோகூட 2023-இல் தன் இந்தியக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மெட்ரோவின் 31 கடைகளும் கைமாறின, பெயரும் ஊழியர்களும் அங்கேயே தொடர்ந்தார்கள். மூடுவது ஒரு விதம், கைமாறுவது இன்னொரு விதம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, வெளிநாட்டுக் கடை என்றாலே ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோவில் வால்மார்ட்டும், அமெரிக்காவில் ஆல்டியும் வேர் விட்டவர்கள். ஐகியா இந்தியாவில் கடை திறப்பதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே இங்கிருந்து தன் உலகக் கடைகளுக்குச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக வந்தவர்களும், உள்ளூர்க்காரரிடம் கற்றுக்கொண்டு வந்தவர்களும் நின்றார்கள். ஒரே வருஷத்தில் நாட்டையே பிடித்துவிட நினைத்தவர்கள் போனார்கள். நான் பார்த்தவரை இதுதான் பொது விதி.

நோட்டீஸைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான்கு கேள்விகள். கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, அந்தப் பெருங்கடை வருகிறது என்பதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா, அல்லது பேச்சுவார்த்தை மட்டும்தானா? ஒப்பந்தம் என்றால் பதிவு செய்த நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, ஒப்பந்தத்தில் லாக்-இன் எத்தனை வருஷம்? "இருபது வருஷக் குத்தகை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே பார்த்தால் இட உரிமையாளர்தான் இருபது வருஷம் கட்டுப்பட்டிருப்பார். குத்தகைதாரர் லாக்-இன் காலம் முடிந்தால் சில மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று இருக்கும்.

மூன்று, கையெழுத்துப் போடுவது யார்? துணை நிறுவனமா, உரிமம் வாங்கிய உள்ளூர்க்காரரா? தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டா?

நான்கு, நமக்கு "நிச்சய வாடகை" தருவதாகச் சொல்வது அந்தப் பெருங்கடையா, வளாகம் கட்டுகிறவரா? நீங்கள் வாங்கப்போவது அதன் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடை. பெருங்கடைக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் அதற்கு வாடகை. பெரியவர் போய்விட்டால் அந்த இடத்தை யாருக்கு, என்ன வாடகைக்கு விடுவீர்கள்?

இந்த நான்குக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பதில் வரவில்லை, "சார், அதெல்லாம் ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான்" என்று மட்டும் சொன்னால், காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். படிப்பதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை, காபி நம் வீட்டில் நன்றாகவே இருக்கும்.

நம்மில் பலருக்கு அந்தப் பணம் முப்பது, முப்பத்தைந்து வருஷ உழைப்பு. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் ஒரு முறைதான் வரும். பன்னாட்டு நிறுவனம் 500 கோடி டாலரை எழுதித் தள்ளிவிட்டு மறுநாள் கடை திறக்கும். நம் பாஸ்புக்கில் எழுதித் தள்ளும் வரி கிடையாது.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.